மேல்மாடி சீட்டும் மேடைத் தண்ணீரும்

தைவான் பயணத்தைப் பற்றி விசா, தங்குமிடம், ரயில் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. தலைநகர் தைபேயின் தேசிய நாடக அரங்கில் பார்த்த ‘மூன் வாட்டர்’ இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தைவானின் கிளவுட் கேட் நடனக் குழு ஆடியது அது. 1973இல் குழுவைத் தொடங்கிய லின் ஹ்வாய்-மின் 1998இல் இதை அமைத்தார். இசை, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தனி செல்லோவுக்கு (வயலின் குடும்பத்துப் பெரிய நரம்பு வாத்தியம்) எழுதியவை. மிஷா மைஸ்கி வாசித்த பதிவு. அசைவோ முழுக்க தை சீ என்ற மெதுவான சீனத் தற்காப்புக் கலை. ஜெர்மன் இசைக்கும் இதற்கும் எப்படி ஒட்டும் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. இரண்டே நிமிடத்தில் போய்விட்டது. வில் நரம்பின் மேல் நகரும் நீளமும் ஆடுபவர் மூச்சு விடும் நீளமும் ஒன்றாக இருந்தன. முழங்காலை மடித்துத் தாழ நிற்கிறார்கள், கிட்டத்தட்ட நம் பரதநாட்டிய அரைமண்டி. ஆனால் காலைத் தட்டுவதே இல்லை. அடிவயிற்றில் கிளம்பும் அசைவு முதுகு, தோள், முழங்கை என்று ஊர்ந்து விரல் நுனிக்கு வருகிறது. தாளத்தைத் துரத்திக்கொண்டு ஒருவரும் ஓடவில்லை.

பட்ஜெட் இடித்ததால் இருப்பதிலேயே மலிவான மேல்மாடி சீட்டுதான் வாங்கியிருந்தேன். அதுதான் அதிர்ஷ்டம்! கறுப்புத் தரையில் தூரிகையால் இழுத்தது போன்ற வெள்ளைச் சுழிகள் மேலிருந்துதான் முழுசாகத் தெரியும். கடைசியில் மேடையில் தண்ணீர் மெல்லப் பரவியது. வெள்ளை உடைகள் நனைந்து ஒட்டின. மேலே கண்ணாடியில் அதே உடல்கள் தலைகீழாக. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் குழுவின் சொந்த அரங்கைப் பார்க்க டம்சுய் போனேன். மெட்ரோவில் சிவப்புத் தடத்தின் கடைசி நிலையம். வெளியே வந்ததும் ஒரு டாக்சிக்காரர் மீட்டர் போட மறுத்து 300 தைவான் டாலர் கேட்டார். பக்கத்தில் நின்ற சிவப்பு 26 பேருந்தில் 15 டாலர்தான்! மீட்டர் போடாத வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். எனக்கு அன்று முழுக்க எரிச்சல்.

டம்சுய் ஆற்றின் எதிர்க்கரையில் கிளவுட் கேட் குழுவினருடைய ஒத்திகைக் கூடம் 2008இல் தீயில் எரிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த நன்கொடையில்தான் இந்த அரங்கு 2015இல் திறந்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் புல்வெளியில் நடப்பது வேறு மாதிரி இருக்கிறது. தை சீ மட்டுமில்லை, தியானம், பாலே, சீன ஓபரா அசைவு எல்லாம் இவர்கள் பயிற்சியில் உண்டு. அந்த நிதானம் சும்மா வந்ததில்லை.

திரும்பும்போது அதே சிவப்பு 26. டிக்கெட் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: இந்த நடனத்துக்குக் கீழ் வரிசையில் காசைக் கொட்டாதீர்கள், மேல்மாடி கேளுங்கள்.