ஜானு பருவா படங்களோடு ஒரு ஜூன்

ஜூன் 3

மழை விடுகிற மாதிரி இல்லை. சரி, அஸ்ஸாமிய சினிமா இயக்குநர் ஜானு பருவாவை முதல் படத்திலிருந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கௌஹாத்திக்கு வேலைக்கு வந்தும் அவரைப் பார்க்காமல் இருந்தால் எப்படி? 1982-இல் வந்த 'அபரூபா'. படிப்பைப் பாதியில் விட்டு, தேயிலைத் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட பெண், அந்தக் கல்யாணத்துக்குப் பின்னால் அப்பாவின் கடன் இருந்ததைத் தெரிந்துகொள்கிறாள். சுஹாசினி முலே நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் பருவாவுக்கே அந்தப் பணக்கார வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

ஜூன் 4

ஆள் 1952-இல் சிவசாகர் பக்கம் லக்வாவில் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு உடனே கதைப் படம் எடுக்க இறங்கவில்லை, அகமதாபாத்தில் இஸ்ரோவில் சேர்ந்து குழந்தைகளுக்கு அறிவியல் நிகழ்ச்சிகள் தயாரித்தார். அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை ஒரு வருடத்துக்கு வாங்கி 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டினார்களே, 1975-76-இல், அந்தக் காலம். டிவி பெட்டியையே பார்த்திராத பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லிப் பழகியவர் பிறகு கேமராவை வைத்துக்கொண்டு வித்தை காட்டாததில் ஆச்சரியமில்லை. (இங்கே இன்னொரு பெரிய இயக்குநரான பபேந்திரநாத் சைகியாவும் இயற்பியல் வாத்தியார்தான், லண்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர்.)

ஜூன் 8

'ஹலோதியா சொராயே பாவோதான் காய்', 1987. பார்த்து முடித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

தன் நிலத்தை உழுதுகொண்டிருக்கும் ஒரு விவசாயியிடம் இது உன் நிலமே இல்லை என்கிறார்கள். அவன் அப்பா எப்போதோ அதை சனாதன் சர்மா குடும்பத்திடம் அடமானம் வைத்திருந்தார், கடன் அடைந்துவிட்டது, ஆனால் அடைந்ததற்குச் சீட்டு இல்லை. அவ்வளவுதான் கதை. அதற்கப்புறம் அவன் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறான், ஒவ்வொரு மேஜையிலும் ஏதாவது வைக்க வேண்டியிருக்கிறது, வீட்டில் விற்பதற்கு இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் போகிறது. யாரும் அவனை அடிக்கவில்லை, மிரட்டக்கூட அதிகம் மிரட்டவில்லை, நாளைக்கு வா என்கிறார்கள். சர்மாவும் மீசை முறுக்குகிற பண்ணையார் இல்லை, தேர்தலில் நிற்கிற மரியாதையான மனுஷர். நம் ஊர்ப் பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்களுக்கு இந்தப் படத்துக்கு சப்டைட்டில் தேவைப்படாது.

மூல நாவல் ஹோமேன் போர்கோஹாய்ன் எழுதியது. அவர் அஸ்ஸாம் அரசுப் பணியில் அதிகாரியாக இருந்து, அதை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர். அதனால்தான் அந்த ஆபீஸ் காட்சிகள் மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனின் கோபமாக மட்டும் இல்லாமல், அந்தப் பக்கத்து நாற்காலியின் சலிப்பும் சேர்ந்து இருக்கின்றன என்று நினைக்கிறேன். விவசாயியாக வரும் இந்திரா பனியாவுக்கு 1988-இல் ஸ்விட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது. படத்துக்கு தேசிய அளவில் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை, அஸ்ஸாமியப் படம் ஒன்றுக்கு அது முதல் முறை. 1935-இல் 'ஜோய்மதி'யோடு தொடங்கிய சினிமா இது, அரை நூற்றாண்டு காத்திருந்திருக்கிறது.

ஜூன் 9

ஆபீஸில் சிவசாகர்க்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால், "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் பார்த்தது" என்றார். நாமும் அப்படித்தானே, அவார்டு படம் என்றால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரத்துப் படம்.

ஜூன் 15

அஸ்ஸாமின் சுதந்திரப் போராட்டத் தியாகி குஷல் கோன்வரை ஜோர்ஹாட் சிறையில் தூக்கிலிட்ட நாள், 1943. 1942 போராட்டத்தில் சரூபதாரில் ரயில் கவிழ்க்கப்பட்ட வழக்கு. அவர் காந்தியவாதி, அந்தச் செயலில் பங்கே இல்லாதவர். பருவா 1998-இல் 'குஹால்' என்று இவரைப் படமாக்கினார். தியாகி படம்தானே என்று தள்ளிவிடக் கூடாது. அடமானச் சீட்டு இல்லாத விவசாயிக்கும் கோன்வருக்கும் நடப்பது ஒன்றேதான்: எல்லாம் சட்டப்படி, சாட்சி கையெழுத்தோடு, முத்திரையோடு நடக்கிறது. பருவாவின் படங்களில் வன்முறை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

ஜூன் 18

ஆனால் அவர் அரசாங்க ஆட்களை மொத்தமாகத் திட்டுகிறவரும் இல்லை. 'பனானி'யில் நாயகனே ஒரு வனத்துறை ரேஞ்சர், மரக் கடத்தலுக்கு ஒத்துப்போகாததால் மாற்றல் மேல் மாற்றல். 'ஃபிரிங்கோதி'யில் எரிந்துபோன பள்ளிக்கூடத்தை மறுபடி எழுப்பும் விதவை ஆசிரியை. மொலோயா கோஸ்வாமிக்கு சிறந்த நடிகை தேசிய விருது, கொடுத்திருக்காவிட்டால்தான் அநியாயம்.

ஜூன் 22

'ஹாகொரோலோய் பொஹுதூர்'. திஹிங் ஆற்றில் படகோட்டும் கிழவர் பவால், அப்பா அம்மா இல்லாத பேரன், ஆற்றின் மேல் எழும்புகிற பாலம். பாலம் முடிந்தால் படகுக்கு வேலை இல்லை. பாலம் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஊருக்கு நல்லதுதான், அதுதான் சிக்கல். பேரன் படிக்கட்டும் என்று கௌஹாத்தியில் இருக்கும் மகனிடம் அழைத்துப் போகிறார், அங்கே போனால் மகனுக்கு நிலத்தின் மேல்தான் கண். கிழவராக வரும் பிஷ்ணு கார்கோரியா அழுது காட்டவில்லை, எரிந்து விழுகிறார், பேரனோடு சண்டை போடுகிறார். ஏழைக் கிழவர் என்றால் கைகூப்பி நிற்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற படங்களுக்கு நடுவில் இந்த முரட்டுத்தனம் பெரிய நிம்மதி. எனக்கு அவர் படங்களில் இதுதான் முதலிடம், தங்கத் தாமரைப் படத்துக்கும் மேலே.

இதற்குத்தான் 42-வது தேசிய விருதுகளில் சிறந்த இயக்குநர் ஆனார். 44-வதில் அதே விருது 'காதல் கோட்டை'க்காக நம் அகத்தியனுக்கு வந்தது. இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விருதுக் குழுக்களைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது.

ஜூன் 29

'மைனே காந்தி கோ நஹீன் மாரா', 2005, இந்தி. மறதி நோய் வந்த பேராசிரியர் காந்தியைக் கொன்றது தான்தான் என்று நம்புகிறார். அனுபம் கேர் பிரமாதம். ஆனால் கடைசியில் படமே மேடை ஏறிப் பேச ஆரம்பித்துவிடுகிறது, அஸ்ஸாமியப் படங்களில் பருவா இப்படிச் செய்ய மாட்டார். 2012-இன் 'பாந்தோன்' பரவாயில்லை: வாழ்நாளெல்லாம் சண்டை போட்ட கிழவனும் கிழவியும் மும்பைத் தாக்குதலில் காணாமல் போன பேரனைத் தேடிப் போகிறார்கள், கிழவனாக மறுபடி கார்கோரியாதான்.

பத்மஸ்ரீ 2003, பத்மபூஷண் 2015. பிரியங்கா சோப்ராவின் நிறுவனம் தயாரித்த 'போகா கிரிக்கி'யை, 2019-இல் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து, மாநில விருதுப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார். விருது மேல் விருது வாங்கியவர் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

'அஜேயோ' மட்டும் பாக்கி. நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.