எருமையாரின் வாலில் நண்டு

சின்னப் பிள்ளைகளின் படப்புத்தகத்தில் பகிடி வைப்பது லேசான வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். யானைக்குக் கண்ணாடி போட்டு, குரங்குக்குக் களிசான் மாட்டிவிட்டால் பிள்ளை சிரித்துவிடுமாம். கொஞ்சம் சிரிக்கும்தான். அடுத்த நாள் அந்தப் பக்கத்தைத் திரும்பியும் பார்க்காது. அதுவும் யானை எங்கள் பக்கம் அவ்வளவு பகிடியான மிருகம் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் வேளாண்மைக்குள் யானை இறங்கிய கதைகளைப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவர்கள்.

என் மகனுக்கு நாலு வயது. இரவில் அவனுக்கு வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. எதற்குக் கொக்கட்டம் விட்டுச் சிரிக்கிறான், எதற்கு மூக்கை நோண்டிக்கொண்டு கூரையைப் பார்க்கிறான் என்று கவனிப்பதே எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

ஒழுங்கு தெரிந்த பிள்ளைக்குத்தான் ஒழுங்கு குலைவது பகிடி. ரஷ்ய எழுத்தாளர் கோர்னேய் சுகோவ்ஸ்கி தன் மகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு வயதுகூட நிரம்பாத பிள்ளை, ஒருநாள் குறும்பும் கூச்சமுமாக வந்து, நாய் ‘மியாவ்’ என்று கத்துவதாகச் சொன்னதாம். நாயின் சத்தம் எது, பூனையின் சத்தம் எது என்று அவளுக்கு நன்றாகப் பிடிபட்டுவிட்டது. அதனால்தான் இரண்டையும் மாற்றிப்போட்டு விளையாடத் துணிவு வந்தது என்கிறார் அவர். குசுப் பகிடிகளும் இந்தக் கணக்கில்தான் வரும். கக்கூசுக்குப் போகப் பழகுகிற வயதில் அதுதானே அவர்களுக்கு நாட்டு நடப்பு!

அம்பாறையில் என்னோடு வேலை செய்கிற சிங்கள நண்பர் ஒருவர் சிங்களச் சிறுவர் எழுத்தாளர் சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’வைத் தந்தார். ‘குடைக் கள்ளன்’ என்று பொருள், 1956இல் வந்த படப்புத்தகம். குடையையே கண்டிராத ஊர். மழை வந்தால் வாழையிலையையும் சாக்கையும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போகிற சனம். பட்டணம் போன ஒருவர் ஆசையாகக் குடை வாங்கி வருகிறார், அது களவு போகிறது. இன்னொன்று வாங்குகிறார், அதுவும் போகிறது. கடைசியில் பார்த்தால் கள்ளன் ஒரு குரங்கு. படத்தைப் பார்த்தே தமிழில் கதையைச் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் ஒரு பகிடியும் விடுவதில்லை, பாவம், குடை போன கவலையில் இருக்கிறார். அதற்குத்தான் என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தத் துணிவில் நானும் ஒரு சித்திரக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு எருமை சைக்கிளில் கல்லடிப் பாலத்தால் தயிர் விற்கப் போகிறது. ‘எருமையார் மிகவும் கவனமாகப் போனார்’ என்பது எழுத்து. படத்தில் அவருடைய வாலைக் கவ்விக்கொண்டு ஒரு நண்டு தொங்குகிறது. நண்டைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்லும் கிடையாது. அடுத்த பக்கம், ‘பாலத்தில் நல்ல காற்று.’ அந்த நண்டின் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நண்டு. தாளைத் திருப்பினால், ‘தயிர்ச்சட்டிகள் பத்திரமாக இருந்தன.’ சட்டிக்குள் முதல் நண்டு, கையில் கரண்டி.

“அப்பா, வாலில நண்டு!”

“எங்க மனே? எனக்குத் தெரியல்லையே.”

வாசிக்கத் தெரியாத பிள்ளை பெரியவர்களை முந்திக்கொள்ளக்கூடிய இடம் படம் ஒன்றுதான். அதனால் இந்த இடத்தில் வாசிக்கிறவர் சிரிக்கவே கூடாது. வானிலை அறிக்கை வாசிக்கிற முகத்தோடு அடுத்த வரிக்குப் போக வேண்டும். தாளைத் திருப்புவதிலும் அவசரம் கூடாது. அச்சில் வருகிற படப்புத்தகங்களில் பெரும்பாலானவை 32 பக்கந்தான். பெரிய தாளை மடித்து வெட்டும்போது வருகிற கணக்கு அது. அதற்குள் கிடைக்கிற திருப்பல்கள் கொஞ்சம்தான், பகிடி முழுவதும் அதில்தான் இருக்கிறது.

எங்கள் ஆட்களோ இப்படிக் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைசிப் பக்கத்தில் ஒரு நீதியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். கேட்காமல் பிறர் தயிரைத் தின்னலாமா பிள்ளைகளே? அந்த நண்டை அவ்வளவு நேரம் ரசித்த பிள்ளை இப்போது என்ன முகத்தோடு இருக்கும்?

எங்கள் ஊர் வழக்கப்படி நாங்கள் மனைவியின் தாய்வீட்டில் இருக்கிறோம். ஆகவே என் வாசிப்புக்கு மேற்பார்வை உண்டு. “இதென்ன தம்பி விசர்க்கதை” என்று மாமி முதல்நாளே சொல்லிவிட்டார். ஆனால் தினமும் கதவடியில் நின்று கேட்டார். எருமைப்பட்டி வைத்திருந்த வீட்டில் பிறந்தவர், எத்தனை நாள்தான் பொறுப்பார்?

“எருமை தயிர் விக்கப் போனா, பால் கறந்தது ஆரு?”

நியாயமான கேள்வி. எருமை சைக்கிள் ஓடுவதில் மாமிக்கு ஒரு குறையும் இல்லை, கவனியுங்கள். ஓடட்டும், ஆனால் பால் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். விசர்க்கதைக்கும் கணக்கு வழக்கு வேண்டுமே.

அதனால் முன்னால் ஒரு பக்கம் கூட்டினேன். நண்டு முக்காலியில் இருந்து, இரண்டு கொடுக்காலும் பால் கறக்கிறது. ‘எருமையார் அமைதியாக நின்றார்’ என்று எழுதிவிட்டு, அவருடைய கண் இரண்டையும் பிதுங்க வரைந்து வைத்தேன். மகன் பாயில் உருண்டான். மாமியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “சரி, பாலைக் காய்ச்சினது ஆராம்?” என்றார்.