"வீடு பூட்டியிருந்தது": ரேஷன் கார்டு வாங்க நாங்கள் பட்ட பாடு

போன வாரம்தான் எங்கள் பெயரில் ரேஷன் கார்டு வந்தது. கணக்குப் பார்த்தால் 10 மாதம். இடையில் ஒரு முறை நிராகரித்தார்கள். ஒரு முறை 5 மணி நேரம் பஸ்ஸில் போய் வெறுங்கையோடு திரும்பினோம். வேலைக்குப் போகாமல் சம்பளம் இழந்த நாள் மட்டும் 7. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

நானும் என் கணவரும் தேனிப் பக்கம். கல்யாணமானதும் பனியன் கம்பெனி வேலைக்குக் கொங்குப் பக்கம் வந்துவிட்டோம். என் பெயர் அப்பா கார்டில், அவர் பெயர் மாமியார் கார்டில். 'கார்டு இருந்தால் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாமே' என்பார்கள். வாங்கலாம்தான். அப்புறம் ஊரில் இருப்பவர்கள் எதைப் பொங்குவது? அதனால் இங்கே எங்களுக்கு வெளிக்கடை அரிசிதான். கூலி சனிக்கிழமை வரும். வியாழன், வெள்ளி வந்தால் பாப்பாவுக்கு ராத்திரி டீயில் நனைத்த வர்க்கி. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவாள். நாங்களும் அவள் வயிறு நிறைந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் அங்கன்வாடி டீச்சர் அவள் இடது கையில் ஒரு நாடாவைச் சுற்றினார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மஞ்சள், 11.5-க்கும் குறைந்தால் சிவப்பு. பாப்பாவுக்கு 12.1. கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை; நாள் முழுக்க டேப்பும் கையுமாகத்தான் நிற்பேன். கால் இஞ்ச் குறைந்தால் பீஸைத் தனியாக எடுத்துப் போடுவோம். என் பிள்ளையின் கையை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அங்கன்வாடிக்கு ரேஷன் கார்டு வேண்டாம். கார்டு இல்லாததால் அங்கேயும் சேர்க்க மாட்டார்கள் என்று நினைத்து நான் வீணாக்கியது ஒரு வருடம். சின்னக் குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்கே தருகிறார்கள். 2 வயதானால் அங்கேயே மதியச் சாப்பாடு, வாரத்தில் 3 நாள் முட்டை. கார்டு வரும்வரை பாப்பாவைத் தாங்கியது அதுதான்.

சரி, கார்டுக்கு வருகிறேன். முதலில் பழைய கார்டுகளிலிருந்து பெயரை நீக்க வேண்டும். இது ஆன்லைனில் சீக்கிரமே முடிந்துவிடும். ஆபத்தும் அதில்தான். நீக்கிய நாளிலிருந்து எந்தக் கார்டிலும் நாம் இல்லை. மாமியார் போன் பண்ணி, "சர்க்கரையில அரைக் கிலோ போச்சேம்மா" என்றார். அங்கே போனது இங்கே வந்து சேரவில்லை. ஆகவே மற்ற எல்லாப் பேப்பரையும் கையில் வைத்துக்கொண்டு, கடைசியாகப் பெயரை நீக்குங்கள்.

எங்களிடம் எல்லாம் இருப்பதாகத்தான் நினைத்தோம். இ-சேவை மையத்தில் இருந்த தம்பி பாப்பாவின் பிறப்புச் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "அக்கா, இதுல குழந்தை பேரே இல்லையே" என்றான். பிரசவம் அம்மா வீட்டில். பெயர் வைக்கும் முன்பே வாங்கிய சான்றிதழ், பெயர்க் கட்டம் காலி. 2 வருடமாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம், ஒருவரும் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. பெயர் இல்லாத சான்றிதழை வைத்து ஆதாரும் எடுக்க முடியாது. பெயரைப் பிறப்பு பதிவான ஊரில்தான் சேர்க்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் என்றால் இலவசம், அதற்கு மேல் தாமதக் கட்டணம். ஊருக்குப் போனோம். பதிவு செய்கிறவர் அன்றைக்கு மீட்டிங் போயிருந்தார். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, அங்கே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நாளைக்கு வாங்க" என்றார். நாளைக்கு எங்களுக்கு ஷிப்ட். மறுபடி போனது அடுத்த மாதம்.

அடுத்தது முகவரிச் சான்று. நாங்கள் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை ஒப்பந்தம் கேட்டால் வீட்டுக்காரம்மா, "நாளைக்கு வீட்டையே எங்களுதுன்னு சொன்னீங்கன்னா நான் என்னங்க பண்றது?" என்றார். வீட்டு வரி ரசீதின் நகலும் தரமாட்டேன் என்றுவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம், வாடகை கொடுக்கும்போதெல்லாம் கேட்டேன். கடைசியில் பக்கத்து லைனில் ரொம்ப வருடமாக இருக்கிற பாட்டி என்னோடு வந்து, தன் கார்டை எடுத்துக் காட்டினார். "இதுலயும் வாடகை வீட்டு அட்ரஸ்தான் இருக்குது சாமி. நா என்ன வூட்டையா எழுதிக்கிட்டேன்?" வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். 11 மாத ஒப்பந்தம் கிடைத்தது.

விண்ணப்பம் போடும்போது இரண்டு விஷயம். குடும்பத் தலைவியாக என் பெயரையும் போட்டோவையும் போட்டோம். இன்னொன்று, அட்டை வகையில் அரிசி அட்டை தேர்வாகியிருக்கிறதா என்று நீங்களே திரையைப் பாருங்கள். அவசரத்தில் அந்தத் தம்பி, அரிசியே கிடைக்காத சர்க்கரை அட்டையை அழுத்தியிருந்தான். நான் எட்டிப் பார்த்ததால் தப்பித்தோம்.

6 வாரம் கழித்து விண்ணப்ப நிலையைப் பார்த்தால் நிராகரிப்பு. காரணம்: விசாரணையின்போது வீடு பூட்டியிருந்தது. தனிச் சமையல் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வருவார்கள், தெரியும். ஆனால் வேலை நாளில் காலை 11 மணிக்கு வந்தால் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீடு வேறெப்படி இருக்கும்? எங்கள் லைனில் 8 வீடு, எட்டும் பூட்டித்தான் கிடக்கும். வீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க வசதி உள்ளவருக்குத்தான் இலவச அரிசி என்றால் சிரிப்பதா அழுவதா?

ரேஷன் புகார் எண் 1967-க்குப் போன் செய்தேன். மாதம்தோறும் இரண்டாவது சனிக்கிழமை குறைதீர் முகாம் நடக்கும், அங்கே போங்கள் என்றார்கள். போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார், உண்மையிலேயே நல்ல மாதிரி. மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லி, வருவதற்கு முன் போன் செய்யும்படி என் நம்பரை எழுதி வைத்துக்கொண்டார். அப்படியே போன் வந்தது. அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்தேன். வந்தவர் அடுப்பைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், அரிசி டப்பாவைத் திறக்கச் சொன்னார். இரண்டு படி இருந்தது. எழுதிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் 4 நிமிடம். அப்புறம் எந்தத் தடையும் இல்லை, கார்டு வந்துவிட்டது.

முதல் நாள் கடையில் என் விரல் ரேகை 3 முறை விழவில்லை, என் கணவர் விரல் விழுந்தது. அரிசி இலவசம். பாமாயில் 25 ரூபாய், துவரம் பருப்பு 30 ரூபாய். வீட்டுக்கு வந்து பையைக் கீழே இறக்கியதும் பாப்பா அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள், இறங்க மாட்டேன் என்கிறாள்.

அப்போதுதான் என்னென்ன வாங்கினோம் என்று போனில் வந்த எஸ்.எம்.எஸ்ஸைப் பார்த்தேன். அதில் பருப்பும் இருந்தது, பையில் இல்லை. நீங்கள் கடையை விட்டு இறங்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். திரும்ப ஓடிப்போய்க் கேட்டேன். "ஸ்டாக் வரலைம்மா, பதினைஞ்சாம் தேதிக்கு மேல வந்து வாங்கிக்கங்க" என்றார். எஸ்.எம்.எஸ்ஸை அழிக்காமல் வைத்திருக்கிறேன். பதினாறாம் தேதிக்கு அரை நாள் லீவு சொல்லியாயிற்று.