பழைய ப்ரோலையன்ட் சர்வர் விஎம் ஆன கதை

எங்கள் பின்னலாடை கம்பெனியின் குடோன் கணக்கு முழுவதும் ஒரு ஹெச்பி ப்ரோலையன்ட் எம்எல்350 ஜி5 மெஷினில்தான் இருந்தது. உள்ளே சென்ட்ஓஎஸ் 5 என்ற லினக்ஸ் ஓஎஸ், மைஎஸ்க்யூஎல் 5.0 டேட்டாபேஸ், யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு புரோகிராம். சென்ட்ஓஎஸ் 5-க்கு அப்டேட் 2017 மார்ச்சோடு நின்றுவிட்டது. புது ஓஎஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்றால் சோர்ஸ் கோடு முழுசாக இல்லை. ஒரு டிஸ்கில் ஆரஞ்சு விளக்கு எரிய ஆரம்பித்ததும் இனித் தள்ளிப்போட முடியாது என்றாகிவிட்டது. டிஸ்கை அப்படியே நகலெடுத்து, புது மெஷினில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் விஎம்மாக (மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டராக) ஓட்டுவது என்று முடிவெடுத்தோம்.

மெஷின் ஓடும்போதே நகலெடுக்கவும் வழி இருக்கிறது. டேட்டாபேஸ் உள்ள சர்வரில் எனக்கு அது பிடிக்காது. டேபிளில் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை எப்படி நம்புவது? ஞாயிற்றுக்கிழமை, முதலில் டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு ஃபைலாக (டம்ப்) எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, சர்வரை நிறுத்தி லைவ் லினக்ஸ் சிடியில் பூட் செய்தேன். மூன்று 146 ஜிபி டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் கெட்டாலும் தாங்குவதற்காக ஒரு டிஸ்க் அளவு இடம் போய்விடும்). ஆக 292 ஜிபி. டிடி கட்டளையில் படித்து நெட்கேட் வழியாகப் புது மெஷினுக்கு அனுப்பினேன். கிகாபிட் கேபிளில் விநாடிக்கு 100 எம்பி போனால்கூட 50 நிமிடம் ஆகும்; பழைய டிஸ்க் அந்த வேகத்துக்கு வரவே இல்லை. இரண்டு பக்கமும் செக்சம் (டேட்டாவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் சாப்பிடப் போனேன்.

நகல் எடுப்பது சுலபம். பழைய ஹார்டுவேரை ஓஎஸ் எங்கெங்கே நினைவு வைத்திருக்கிறது என்று தேடுவதுதான் வேலை.

முதல் இடம் டிஸ்க். பழைய ரெய்டு கார்டுக்கான சிசிஐஎஸ்எஸ் டிரைவர்தான் பூட் இமேஜில் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் ஃபைலில்) இருக்கும். விஎம்மில் எடுத்தவுடன் விர்ட்ஐஓ (விஎம்முக்கென்றே உள்ள வகை) டிஸ்க் கொடுத்தால் வால்யூம் குரூப் கிடைக்கவில்லை என்று சொல்லி, ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் மேலே போக முடியாமல் பேனிக்கில் நின்றுவிடும். அதனால் முதலில் ஐடிஇ டிஸ்காக இணைத்தேன். ஐடிஇ டிரைவர் அந்தக் கெர்னலிலேயே இருப்பதால் பூட் ஆகிவிடும். ரூட் பார்ட்டிஷன், டிஸ்க் இடத்தை வால்யூம் குரூப்பாக நிர்வகிக்கும் எல்விஎம்மில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. டிஸ்கின் பெயர் மாறினாலும் அதற்குக் கவலையில்லை. உள்ளே போய் மாட்ப்ரோப் கான்ஃப் ஃபைலில் சிசிஐஎஸ்எஸ் இருந்த இடத்தில் விர்ட்ஐஓ டிரைவரை எழுதி, பூட் இமேஜைப் புதிதாக உருவாக்கி, நிறுத்தி, டிஸ்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றினேன். சிக்கல் இல்லாமல் எழுந்தது.

அடுத்து நெட்வொர்க். நெட்வொர்க் கார்டுக்கான ஈத்0 ஃபைலில் பழைய கார்டின் மேக் முகவரி (கார்டின் தனி அடையாள எண்) பதிவாகியிருக்கும். அது பொருந்தாவிட்டால் அந்தக் கார்டையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அந்த வரியை நீக்கினால் போதும். பூட் ஆகும்போது, ஹார்டுவேர் மாற்றத்தைக் கவனிக்கும் குட்சு என்ற புரோகிராம் நீலத் திரையைக் காட்டி 'இந்த ஹார்டுவேரைக் காணோம், எடுத்துவிடவா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு சரி சரி என்று தட்டக்கூடாது, நெட்வொர்க் அமைப்பையும் சேர்த்து ஓரங்கட்டிவிடும். இதெல்லாம் முடியும்வரை ப்ராக்ஸ்மாக்ஸில் நெட்வொர்க் கார்டை டிஸ்கனெக்ட் நிலையிலேயே வைத்திருந்தேன்.

கடிகாரமும் தகராறு செய்யும். அந்தக் கெர்னல் விநாடிக்கு 1000 முறை டிக் (டைமர் துடிப்பு) கேட்கும், விஎம்மில் அது சரியாகக் கிடைக்காமல் நேரம் பிசகும். பூட் லோடரான கிரப்பின் கெர்னல் வரியில் டிவைடர்=10 என்று சேர்த்தால் 100 ஆகக் குறையும். ஹெச்பியின் கண்காணிப்பு சேவைகளுக்கு இனி வேலையில்லை, அணைத்துவிட்டேன்.

எனக்கு உண்மையிலேயே பயம் எடை மெஷினைப் பற்றித்தான். துணி ரோலின் எடை சீரியல் கேபிளில் சர்வருக்கு வரும். புரோகிராமுக்குத் தெரிந்ததெல்லாம் டிடிஒய்எஸ்0 (லினக்ஸில் முதல் சீரியல் போர்ட்டின் பெயர்) மட்டும்தான். புது மெஷினில் சீரியல் போர்ட்டே கிடையாது. யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் ஒன்றை ஹோஸ்டில் (விஎம்மை ஓட்டும் அந்தப் புது மெஷினில்) மாட்டி, அதை விஎம்முக்கு யூஎஸ்பியாகக் கொடுக்காமல் சீரியல் போர்ட்டாகவே கொடுத்தேன். விஎம்முக்குள் அது டிடிஒய்எஸ்0 என்றே தெரிகிறது, புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஹோஸ்டை ரீஸ்டார்ட் செய்தால் அதில் கன்வெர்ட்டருக்குக் கிடைக்கும் டிடிஒய்யூஎஸ்பி எண் மாறக்கூடும் என்பதால், கன்வெர்ட்டரின் ஐடியோடு இருக்கும் நிலையான பாதையைக் கொடுப்பது நல்லது. இப்படி ஹோஸ்ட் போர்ட்டைக் கட்டிவிட்டால் இந்த விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு லைவ் மைக்ரேஷன் செய்ய (ஓடும்போதே நகர்த்த) முடியாது. எங்களிடம் இருப்பதே ஒரு ஹோஸ்ட்தான்.

திங்கள் காலை குடோன் அண்ணன் ஒரு ரோலை ஏற்றிப் பார்த்துவிட்டு, "எடை வருது சார், ஆனா முன்னைக்கு இப்ப சீக்கிரமா வருது" என்றார்.

அப்டேட் இல்லாத ஓஎஸ் விஎம்முக்குள் போனதால் பாதுகாப்பாகிவிடாது. தனி விலானில் (மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க்கில்) போட்டு, இன்டர்நெட்டை அடைத்து, குடோன் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் வழி விட்டிருக்கிறேன். பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளையும் பவர் கார்டையும் கழற்றி, 'ஆன் செய்யாதே' என்று தாள் ஒட்டியாயிற்று. யாராவது ஆன் செய்தால் ஒரே ஐபியில் இரண்டு சர்வர் நிற்கும். இந்தக் காலாண்டு ஜிஎஸ்டி கணக்கு முடிந்ததும் டிஸ்குகளை உருவிக்கொண்டு பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்பலாம்.