நிறுத்த வேண்டிய இடம்

வகுப்பில் முதன்முதலாக யூடியூப் காணொளியைப் போட்டுக் காட்டிய அன்று, 14 நிமிடமும் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நன்றாகப் போனது என்று நம்பி வீட்டுக்குப் போனேன். மறுநாள் கேட்டால், பின்னணி இசையும் விண்வெளி வீரரின் உடையும்தான் அவர்கள் நினைவில் இருந்தன. கனமான பொருளும் லேசான பொருளும் ஏன் ஒன்றாக விழுந்தன என்பதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை.

மனிதர்கள் நிலவுக்குச் சென்ற அப்போலோ 15 பயணத்தின் காட்சி அது. 1971 ஆகஸ்டில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றபடி, ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூறின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் விடுகிறார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொடுகின்றன.

அடுத்த முறை அந்தத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட வராது. விளம்பரம் குறுக்கிடாதபடி முன்கூட்டியே எல்லாவற்றையும் சரிபார்த்து வைத்தேன். அவர் இரண்டையும் கீழே விடுவதற்குச் சற்று முன்பு நிறுத்திவிட்டு, "எது முதலில் விழும்? ஏன்? நோட்டில் எழுதுங்கள்" என்றேன். பெரும்பாலோர் சுத்தியல் என்று எழுதினார்கள். ஒரு பையன் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினான். அதன் பிறகு ஓடவிட்டேன். வகுப்பு கொதித்தது. காணொளியை நிறுத்திவைத்து முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் காட்சி ஒவ்வொரு படமாக நகரும். அப்படியும் ஒருமுறை பார்த்தோம்.

அப்போதுதான் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், நிலவில் ஈர்ப்பு குறைவு என்பதால்தானே இரண்டும் ஒன்றாக விழுகின்றன?"

இந்தத் தவறான எண்ணம் எத்தனை பேர் மனதில் இருந்தது என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தெரிந்தது. நிலவின் ஈர்ப்பு இங்கிருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் அதனால் இரண்டும் மெதுவாக விழுமே தவிர, ஒன்றாக விழ அது காரணமில்லை. அங்கே தடுக்கக் காற்று இல்லை என்பதே காரணம். இதைக் காணொளியால் விளக்க முடியவில்லை. திரையை அணைத்தேன். ஒரே அளவுள்ள இரண்டு தாள்களில் ஒன்றைக் கசக்கி, இரண்டையும் ஒரே நேரத்தில் கீழே விட்டேன். கசக்கிய தாள் முதலில் விழுந்தது. பிறகு விரித்த தாளை அதைவிடப் பெரிய புத்தகத்தின் மேல் வைத்து, புத்தகத்தைக் கீழே விட்டேன். காற்று தாளைத் தடுக்காதபடி புத்தகம் மறைத்ததால், தாள் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டே இறங்கியது. கேட்ட மாணவியே எழுந்து வந்து இன்னொரு முறை செய்து பார்த்தாள்.

நிலவைத் திரையில்தான் காட்ட முடியும். மேசையில் செய்ய முடிவதைத் திரையில் காட்டுவது பிள்ளைகளின் கையிலிருந்து சோதனையைப் பிடுங்குவது என்றே நினைக்கிறேன்.

மேல் வகுப்புக்கு நானே பாடங்களைப் பதிவுசெய்து தருகிறேன், ஒவ்வொன்றும் 6 நிமிடத்துக்குள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன், சாய்தளக் கணக்கில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னான். போய்ப் பார்த்தேன். எடையை இரு கூறுகளாகப் பிரிக்கும்போது "இந்தக் கோணமும் தளத்தின் கோணமும் சமம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவியிருந்தேன். பல ஆண்டுகளாகக் கரும்பலகையிலும் அப்படித்தான் தாவியிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பதிவுசெய்தேன். இரு கோணங்களையும் ஒரே நிறத்தில் தீட்டி, அவை ஏன் சமம் என்பதைக் கோடு கோடாக வரைந்து காட்டினேன்.