ஒரு நாவல், ஒரு பூச்சிப் புத்தகம்: ஜீன் ஸ்ட்ராட்டன்-போர்ட்டரைப் படித்துவருகிறேன்

பழைய அமெரிக்க பெஸ்ட்செல்லர்களைத் தோண்டி எடுத்துப் படிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. இப்போது ஜீன் ஸ்ட்ராட்டன்-போர்ட்டர். 1863இல் இண்டியானாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் 12ஆவது பிள்ளையாகப் பிறந்தவர், ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் விற்றவர்.

பதிப்பாளரோடு இவர் செய்துகொண்ட ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது: நாவல் ஒன்று, அடுத்து இயற்கைப் புத்தகம் ஒன்று. பறவை, பூச்சி என்று எழுதினால் அவ்வளவாக விற்காது, அந்தச் செலவை நாவல் தாங்கிக்கொள்ளும். சரி, நாமும் அப்படியே மாற்றி மாற்றிப் படிப்போம் என்று உட்கார்ந்தேன்.

‘ஃப்ரெக்கிள்ஸ்’ (1904) சுமார்தான். ஒரு கை இல்லாத அநாதைப் பையன் லிம்பர்லாஸ்ட் சதுப்புக் காட்டில் மரத் திருடர்களுக்கு எதிராகக் காவல் நிற்கிறான், அதுவரை நன்றாகவே போகிறது. கடைசியில் அவன் பெரிய இடத்துப் பிள்ளையாம். நம்ம பழைய படங்கள் பார்த்தவர்களுக்குப் பாதியிலேயே தெரிந்துவிடும்.

‘எ கேர்ள் ஆஃப் தி லிம்பர்லாஸ்ட்’ (1909) வேறு ரகம். எல்னோரா அந்துப்பூச்சி பிடித்து விற்றுப் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்கிறாள், ஆனால் கதையைத் தூக்கி நிறுத்துவது அவள் அம்மா. கணவன் சதுப்பில் மூழ்கியபோது பிரசவ வேளை, போய்க் காப்பாற்ற முடியவில்லை, அந்தக் கோபத்தை வருஷக்கணக்காகப் பெற்ற பெண்மீதே இறக்கிக்கொண்டிருக்கிறாள். மகளின் சேகரிப்பில் குறைகிற அந்த ஒரே மஞ்சள் பூச்சியை அம்மா காலால் மிதித்து நசுக்குகிற இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் கணவனைப் பற்றிய உண்மை தெரிந்ததும் அதே பெண்மணி ராத்திரியில் சதுப்புக்குள் இறங்கி மகளுக்காகப் பூச்சி தேடுகிறாள்.

கையோடு ‘மாத்ஸ் ஆஃப் தி லிம்பர்லாஸ்ட்’ (1912) எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. ஊசி குத்திக் காயவைத்த பூச்சியின் நிறம் மங்கிவிடும், உயிருள்ளதைப் பார்த்துத்தான் தீட்ட வேண்டும் என்பது இவர் பிடிவாதம். கூட்டிலிருந்து வெளிவரும் செக்ரோபியா என்ற பெரிய அந்துப்பூச்சிக்குச் சாப்பிட வாயே கிடையாது, ஆயுளும் கொஞ்ச நாள்தான், அதற்குள் படம் எடுத்து வாட்டர்கலரில் வண்ணமும் ஏற்றியாக வேண்டும். படம் கழுவும் இருட்டறை, வீட்டுக் குளியலறைதான். கண்ணாடித் தகடுகளைக் கழுவியது வான்கோழி பரிமாறும் தட்டில்! நாவல்களில் பறவைகளைப் படமெடுப்பவளாக வருகிற ‘பேர்ட் வுமன்’ இவரேதான் என்பது இந்தப் புத்தகத்துக்குப் பிறகு சந்தேகமில்லாமல் தெரிகிறது.

‘தி ஹார்வெஸ்டர்’ 1912இல் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற நாவல். எனக்குத் திகட்டியது, நாயகனிடம் ஒரு குறையாவது இருக்க வேண்டாமா? மூலிகை பறிக்கிற பக்கங்களுக்காகப் பொறுத்துக்கொண்டேன். ‘ஹெர் ஃபாதர்ஸ் டாட்டர்’ (1921) பொறுக்க முடியவில்லை. ஜப்பானியர்மீது பச்சையான இனவெறுப்பு, அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் மனசு வரவில்லை, பாதியில் விட்டேன்.

இவர் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே சுமார் 13,000 ஏக்கர் லிம்பர்லாஸ்ட்டை வடித்து விவசாய நிலமாக்கிவிட்டார்கள், எண்ணெய்க் கிணறும் தோண்டினார்கள். 1914 வாக்கில் வடக்கே சில்வன் ஏரிக்கரைக்குப் போய், அழியவிருந்த காட்டுச் செடிகளைக் கொண்டுவந்து தன் நிலத்தில் நட்டார். 1924இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கார்மீது டிராம் மோதி இறந்தார்.

இப்போது இயற்கைப் புத்தகத்தின் முறை: ‘வாட் ஐ ஹாவ் டன் வித் பேர்ட்ஸ்’ (1907). பொந்து மரத்துக்குள் இருக்கிற பிணந்தின்னிக் கழுகின் குஞ்சைப் படமெடுக்க நாற்றத்தைச் சகித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போகிறார். ‘லாடி’ நாவல் அதற்கப்புறம்தான்.