அத்தானின் மச்சில் கிடந்த வில்

அத்தான் மிச்சிகனில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, கப்பலில் வந்த வீட்டுச் சாமான்களோடு நீளமான ஒரு துணிப்பையும் வந்தது. குலசேகரம் பக்கம் உள்ள அவர் வீட்டு மச்சில் அது மூன்று மழைக்காலம் கிடந்தது. போன வருடம் மச்சைச் சுத்தம் செய்ய அக்கா கூப்பிட்டாள் என்று போனேன். பையைத் தூக்கிக் காட்டியதும் அத்தான், "வேணும்னா நீ எடுத்துக்கோ தம்பி, எனக்குத் தோள் போச்சு" என்றார்.

பைக்குள் இருந்தது பேர் (Bear) என்ற வில் நிறுவனத்தின் கிரிஸ்லி என்ற ரீகர்வ் வில். நாண் ஏற்றாமல் பார்த்தால் நுனிகள் இரண்டும் எய்பவனுக்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். மான் வேட்டைக்காரர்களுக்காகச் செய்தது. கூடவே துருப்பிடித்த நான்கு வேட்டை அம்பு முனைகளும் இருந்தன. அவற்றை பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். வில்லின் கையில், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகத்தில், 1953 என்று எழுதியிருந்ததைப் பார்த்து, எழுபது வருடப் பழைய வில் என்று ஒரு வாரம் ஊரெல்லாம் பெருமை அடித்தேன். அது வில் செய்த வருடமே இல்லை. கனடாவில் காப்புரிமை வாங்கிய வருடம். அந்த நிறுவனம் அதைப் பல வருடம் எல்லா வில்லிலும் அச்சடித்திருக்கிறது. வயதைச் சொல்வது பிடிக்கு மேலே பதித்திருக்கும் சின்ன நாணயம். அறுபதுகளில் அது மரத்தோடு மட்டமாக இருக்கும், எழுபதுகளில் போகப் போக மேடாகிவிடும். என்னுடையது பித்தளை, விரலால் தடவினால் தட்டுப்படாத மட்டம். வில்லில் போட்டிருந்த ஊரும் கிரேலிங், மிச்சிகன் என்றே இருந்தது. 1978-இல் நிறுவனம் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டது. ஆக, அறுபதுகளின் வில். பெருமையில் பத்துப் பதினைந்து வருடம் குறைந்தது, அவ்வளவுதான்.

பழைய வில் கைக்கு வந்ததும் இழுத்துப் பார்க்கத்தான் கை பரபரக்கும். இழுக்கக் கூடாது. உள்ளே மேப்பிள் மரத்தகடுகள், இரு பக்கமும் கண்ணாடியிழை, நடுவில் பசை. பசை விட்டிருந்தால் இழுக்கும்போது முகத்துக்கு நேரே பிளக்கும். ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து வில்லின் இரண்டு கைகளிலும் மெதுவாக ஓட்டினேன். சிம்பு எழும்பியிருந்தால் பஞ்சு மாட்டும். எங்கேயும் மாட்டவில்லை. வார்னிஷில் மயிரிழை மாதிரி குறுக்குக் கோடுகள் நிறைய இருந்தன. அவை வயதான தோலின் சுருக்கம், பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடியிழைக்குள்ளேயே கீறல் ஓடினால்தான் பயம்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன் நாண் ஏற்றும்போது கோட்டை விட்டேன். வில்லுக்கும் நாணுக்கும் நடுவே ஒரு காலை விட்டுத் தொடையில் வளைத்து மாட்டுவது ஒரு முறை. பார்க்க வீரமாக இருக்கும். அப்படிச் செய்தபோது வில்லின் கீழ்க்கை லேசாக முறுகிவிட்டது. மறுநாள் நுனியிலிருந்து கண்ணை வைத்துப் பார்த்தால், நாண் நடுவில் ஓடாமல் ஓரத்துக்குச் சாய்ந்து நின்றது. அன்று இரவு சோறு இறங்கவில்லை.

முறுக்கை எடுக்க ஆறு வாரம் ஆயிற்று. கை பொறுக்கும் சூட்டை விடக் கொஞ்சம் அதிகமான வெந்நீர், கொதிநீர் அல்ல. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முறுகிய இடத்தில் அந்த வெந்நீரை மெதுவாக ஊற்றி, எதிர்ப்பக்கமாகத் திருகி, நேர்நிலையையும் சற்றுத் தாண்டிய இடத்தில் ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். விட்டதும் பாதி பழைய இடத்துக்கே போகும். இரண்டு நாள் கழித்து மறுபடியும். என் மனைவி குளிக்க வைத்த வெந்நீர் எத்தனை நாள் வில்லுக்குப் போனது என்று கணக்கு இல்லை. ஆறாவது வாரம் நாண் நடுவுக்கு வந்தது. தொடை விவகாரம் அதோடு முடிந்தது. செருப்பு தைக்கும் அண்ணாச்சியிடம் சொல்லி, கயிற்றின் இரு முனையிலும் தோல் உறை தைத்து வாங்கினேன். உறைகளை வில் நுனிகளில் மாட்டி, கயிற்றை மிதித்துக்கொண்டு பிடியை மேலே தூக்கினால் வில்லின் இரண்டு கையும் ஒரே அளவு வளையும், நாணைச் சுலபமாக ஏற்றிவிடலாம். விரலுக்கு ஒரு தோல் துண்டும் அவரே வெட்டித் தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றவர், ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

நாணில் ஒரு விஷயம். இப்போது வரும் நீளாத புதுவகை நூல் இந்த வில்லுக்கு ஆகாது. பழைய நுனி அந்த அதிர்ச்சியைத் தாங்காமல் வெட்டுப்படும். கொஞ்சம் இழுபடும் டேக்ரான்தான் வேண்டும். வில் 58 அங்குலம், நாண் 54. வெளியூர்க் கடையில் சொல்லி வரவழைத்தேன். மெழுகுக்கு மட்டும் எங்கும் அலையவில்லை. மார்த்தாண்டத்தில் தேன் வாங்குகிற இடத்திலேயே நல்ல தேன்மெழுகு கிடைத்தது. அதை நாணில் தேய்த்து விரலால் சூடேற உருவினால் வீடே தேன்கூடு மாதிரி மணக்கும்.

நாண் ஏற்றிய வில்லை முதலில் பார்த்தவர் எங்கள் தெருவில் வில்லுப்பாட்டுப் பாடும் மாமா. எந்தக் கொடையிலும் அவர் குரல் கேட்கும். வாங்கி மடியில் கிடத்தி, நாணைச் சுண்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். "சத்தம் கொள்ளாம். இதுல மணி எங்க பிள்ளே கெட்டுவ?" என்றார்.

அம்பு அலுமினியம், 1916 எண். முதல் இரண்டு இலக்கம் குறுக்களவு, அங்குலத்தை 64 பங்காக்கினால் 19 பங்கு. அடுத்த இரண்டும் சுவரின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் 16. வில்லில் 45 பவுண்டு என்று போட்டிருப்பது, நாணை 28 அங்குலம் இழுக்கத் தேவைப்படும் பலம். நான் இழுப்பது 27, எனவே இரண்டு மூன்று பவுண்டு குறையும். அந்த இழுவைக்கு இந்த அம்பு கச்சிதம். பிளாஸ்டிக் இறகு வேண்டாம். பிடிக்கு மேலே அம்பு உட்காரும் திண்டை உரசிக்கொண்டே அது போவதால் பிளாஸ்டிக் தட்டிவிடும், நிஜ இறகு மடங்கிக்கொடுக்கும்.

எங்கே எய்வது? அதுதான் பெரிய தலைவலி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் வில்லும் அம்பும் அடக்கம். சரணாலயத்துக்குள் எழுத்தில் அனுமதி இல்லாமல் அதோடு நுழையக் கூடாது. அதனால் பேச்சிப்பாறைக் காட்டுப் பக்கம் இதை எடுத்துக்கொண்டு போவதே இல்லை. பக்கத்து விளைக்காரர், "மரச்சீனியைப் பன்னி தோண்டிப் போடுது, ஒண்ணு விட்டுப் பாரேன்" என்று இரண்டு தடவை கேட்டார். வேட்டை குற்றம் அண்ணாச்சி என்றேன். "அப்போ எதுக்கு வேட்டை வில்லு?" என்றார். பதில் சொல்லவில்லை.

கடைசியில் அத்தானின் ரப்பர் விளையிலேயே, பின்னால் ஆள் உயர மண்திட்டு இருக்கும் மூலையில் இடம் பார்த்தேன். சாக்கில் பழைய துணியைத் திணித்து இலக்கு. பால்வெட்டு முடிந்து ஆள் எல்லாம் போன பிறகுதான் எய்வேன். பத்து மீட்டரில் தொடங்கினேன். முதல் நாள் ஆறு அம்பில் நான்கு சாக்கில், ஒன்று திட்டில். ஆறாவது எங்கேயோ விலகி ஒரு மரத்தின் வெட்டுப்பட்டைக்குக் கீழே தைத்தது. பிடுங்கியபோது பால் நூலாக வழிந்து அம்பு முழுக்க ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை பால்வெட்டுக்காரர் என்னை அந்த மரத்தடிக்கே கூட்டிக்கொண்டு போனார். "பட்டை போனா பால் போச்சு. ஒனக்கு விளையாட்டு, எனக்கு இது சோறு" என்றார். அன்றே சாக்கை இன்னும் பத்தடி மூலைக்குள் தள்ளி வைத்தேன்.

இப்போது பதினெட்டு மீட்டர். ஆறில் ஐந்து சாக்குக்குள் போகிறது, மூன்று நடுவில். எய்து முடித்ததும் நாணை இறக்கி, வில்லைச் சுவரில் இரண்டு முளையில் கிடையாகப் படுக்க வைக்கிறேன். மூலையில் சாய்த்தால் மறுபடி முறுகும். வெயிலில் நிற்கும் காருக்குள் விடுவதே இல்லை, சூட்டில் பசை இளகிவிடும். ஜூன் மழை பிடித்ததும் ஒரு மாதம் தொடவில்லை. மழை விட்ட முதல் நாள் விளைக்குப் போனபோது பால்வெட்டுக்காரர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, புல்லுக்குள்ளிருந்து எடுத்துவைத்திருந்த அம்பு ஒன்றை நீட்டினார். இறகு நனைந்து ஒட்டிக் கிடந்தது. ரப்பர் பால் காய்ந்து கறுத்த அதே அம்பு.